குதிரைக்குக் 'கைல்' என்று ஏன் பெயர்?

 



திருக்குர்ஆனைத் தொடர்ந்து ஓதி வருபவர் 'கைல்' என்ற சொல்லை ஐந்து இடங்களில் சந்திப்பார். ஆல இம்ரான் அத்தியாயத்தின் 14-ஆவது வசனத்தில், மனிதனுக்கு அழகாக்கிக் காட்டப்பட்ட ஆசைகளின் வரிசையில் தங்கக் குவியலுக்கும் வெள்ளிக் குவியலுக்கும் அடுத்தபடியாக அது வருகிறது. அன்ஃபால் 60-இல் பகைவருக்கு எதிராக ஆயத்தப்படுத்தி வைக்க வேண்டிய வலிமையாக வருகிறது. நஹ்ல் 8-இல் கோவேறு கழுதையோடும் கழுதையோடும் சேர்ந்து, நீங்கள் ஏறிச் செல்வதற்கும் உங்களுக்கு அலங்காரமாகவும் படைக்கப்பட்டது என்று அல்லாஹ் அதனைத் தன் அருட்கொடையாக எண்ணிக் காட்டுகிறான். பனூ இஸ்ராயீல் 64-இலோ அது இப்லீஸின் குதிரைப்படை! ஹஷ்ர் 6-இல், குதிரையையோ ஒட்டகத்தையோ ஓட்டிச் செல்லத் தேவையின்றியே அல்லாஹ் தன் தூதருக்கு அளித்த பொருளைப் பற்றிய செய்தியில் அச்சொல் இடம்பெறுகிறது.

ஆசை, கடமை, அலங்காரம், ஷைத்தானின் படை, தேவைப்படாமலே போன ஒரு படை. ஒரே பிராணிக்கு இத்தனை முகங்களா என்று வியப்பவர், அதன் பெயருக்குள் சற்றே நுழைந்து பார்க்க வேண்டும்.

அரபு மொழியில் ஒற்றைக் குதிரைக்கு 'ஃபரஸ்' என்பது பெயர். நாம் நாளும் கேட்கும் இச்சொல் திருக்குர்ஆனில் ஓரிடத்திலும் வரவில்லை. 'கைல்' என்பது கூட்டத்தைக் குறிக்கும் பெயர். அதே எழுத்துகளிலிருந்து பிறந்த ஒருமைச் சொல் அதற்குக் கிடையாது என்பது மொழியறிஞர்களின் பரவலான முடிவு. ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 'ஃபரஸ்' என்று வேறு சொல்லுக்குத்தான் போக வேண்டும். அப்படியானால் 'கைல்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. பஸராவில் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. அதுவும் ஒரு பேரறிஞரின் முன்னிலையில் எழுந்தது.

தெரியாது என்று சொன்ன இமாம்

அபூ அம்ர் இப்னுல் அலா (ரஹ்) அவர்களை அரபிக் கல்லூரிகளில் ஓதியவர்கள் நன்கு அறிவார்கள். கிராஅத் கலையின் ஏழு இமாம்களில் ஒருவர். ஹிஜ்ரி 154-இல் மறைந்தார். அவருடைய ஓதல் முறையில்தான் சூடான் நாட்டு மக்களில் பலர் இன்றும் குர்ஆனை ஓதி வருகிறார்கள். அரபு மொழியிலும் பண்டைய அரபுக் கவிதையிலும் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் அரிது.

அவருடைய மாணவர் அஸ்மயீ (ரஹ்) வாயிலாக வந்த ஒரு செய்தியை, ஹிஜ்ரி 395-இல் மறைந்த அகராதி ஆசிரியர் இப்னு ஃபாரிஸ் (ரஹ்) தமது 'மகாயீஸுல் லுகா'வில் பதிவு செய்துள்ளார். ஒரு நாள் அபூ அம்ர் அவர்களின் அவையில் ஒரு கிராமத்து அரபுச் சிறுவன் இருந்தான். அப்போது ஒருவர், கைலுக்குக் கைல் என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்டார். இமாம் அவர்கள் தமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சிறுவன் ஒரே சொல்லில் பதில் கூறினான்: அவற்றின் 'இக்தியால்' காரணமாக என்றான். பெருமிதத்தோடு நெளிந்து நிமிர்ந்து நடக்கும் நடைக்கு இக்தியால் என்று பெயர். உடனே இமாம் அவர்கள் சூழ இருந்த மாணவர்களை நோக்கி, இதனை எழுதிக் கொள்ளுமாறு பணித்தார்கள்.

இதே நிகழ்ச்சி வேறொரு வடிவிலும் வந்துள்ளது. அதில் பதில் சொன்னவர் இஹ்ராம் அணிந்து அவ்வழியே சென்ற ஒரு கிராமவாசி. பெயர், அப்பெயருக்குரியதன் செயலிலிருந்து பிறந்தது என்று மட்டும் சொல்லி அவர் நடந்துவிட்டார். அதன் விளக்கத்தை அபூ அம்ர் அவர்கள்தாம் மற்றவர்களுக்கு எடுத்துரைத்தார்கள் என்று அவ்வறிவிப்புக் கூறுகிறது. எப்படியாயினும் விடை பாலைவனத்திலிருந்துதான் வந்தது.

ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது என் உள்ளம் ஒரு கணம் நின்றுவிடும். பெருமை என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல்லுக்கு விளக்கம் கேட்கப்படுகிறது. ஆயிரம் பேர் மதிக்கும் இமாம், மாணவர்கள் நிறைந்த அவையில், தெரியாது என்கிறார். ஒட்டகம் மேய்க்கும் வீட்டுப் பிள்ளை சொன்னதை எழுதச் சொல்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு மிம்பர் மீது அமர்ந்துகொண்டு அந்த ஒரு சொல்லைச் சொல்ல நா எழும்?

பெருமை குதிரைக்கா, ஏறியவனுக்கா?

கா, யா, லாம் என்ற இம்மூன்று எழுத்துகளின் குடும்பம் பெரியது. கனவிலும் கண்ணாடியிலும் தோன்றும் உருவத்துக்குக் 'கயால்' என்று பெயர். மூஸா (அலை) அவர்களுக்கு எதிரே சூனியக்காரர்கள் எறிந்த கயிறுகள் ஓடுவன போலத் தோன்றின என்று தாஹா அத்தியாயம் கூறுமிடத்திலும் இதே வேர்தான் உள்ளது. நிறம் மாறி மாறித் தெரியும் ஒரு பறவைக்கு 'அக்யல்' என்று பெயரிட்டார்கள். பலவாறாகத் தோற்றம் மாறும் அசைவு என்பதே இவ்வேரின் அடிப்படைப் பொருள் என்பது இப்னு ஃபாரிஸ் (ரஹ்) அவர்களின் முடிவு. கர்வத்துக்குக் 'குயலா' என்று பெயர். கர்வம் கொண்டவனுக்கு 'முக்தால்'. இவனை அல்லாஹ் நேசிப்பதில்லை என்று நிஸா, லுக்மான், ஹதீத் ஆகிய மூன்று அத்தியாயங்களில் எச்சரிக்கை வந்துள்ளது.

தோற்றத்துக்கும் கர்வத்துக்கும் என்ன உறவு? திருக்குர்ஆன் சொற்களுக்கு 'முஃப்ரதாத்' என்னும் அகராதி எழுதிய இமாம் ராகிப் அல்இஸ்பஹானி (ரஹ்) இதனை அழகாகத் தொடுத்துக் காட்டுகிறார்கள். தன்னிடத்தில் ஏதோ ஒரு சிறப்பு இருப்பதாக மனிதன் கற்பனை செய்து கொள்வதிலிருந்து எழுவதே குயலா என்கிறார்கள். அதாவது, இல்லாத உருவம் கண்ணாடியில் தெரிவதைப் போல, இல்லாத மேன்மை நெஞ்சில் தெரிகிறது. அதன் பிறகு 'கைல்' என்ற பெயருக்கு அவர்கள் எடுத்தெழுதும் காரணம், பஸராவின் சிறுவன் சொன்னதினின்றும் சற்றே வேறுபட்டது. குதிரை மீது ஏறும் எவரும் தம் உள்ளத்தில் ஒரு மிடுக்கை உணராமல் இருப்பதில்லை. அதனால் அப்பெயர் வந்தது என்பது அது. மேலும், இச்சொல் தொடக்கத்தில் குதிரையையும் அதன் மேலிருப்பவரையும் சேர்த்தே குறித்தது என்றும், பின்னரே குதிரையை மட்டுமோ வீரரை மட்டுமோ குறிக்கும் வழக்கமும் ஏற்பட்டது என்றும் அவர்கள் எழுதியுள்ளார்கள்.

சிறுவன் குதிரையின் நடையைப் பார்த்தான். ராகிப் (ரஹ்) அவர்கள் எடுத்துக் காட்டும் கருத்தோ, சேணத்தின் மேல் அமர்ந்திருப்பவரின் நெஞ்சைப் பார்க்கிறது. என் சிற்றறிவுக்கு இரண்டாவது கருத்தே கூடுதலாகப் பொருந்துகிறது. குதிரை அல்லாஹ் படைத்தபடி நடக்கிறது. அதன் மேல் பாவமென்ன இருக்கிறது?

இதற்குச் சான்றாக உமர் (ரழி) அவர்களின் வாழ்விலிருந்தே ஒரு நிகழ்ச்சி உண்டு. ஷாம் தேசத்துக்கு அவர்கள் சென்றிருந்தபோது, ஏறிச் செல்ல ஒரு 'பிர்தவ்ன்' கொடுக்கப்பட்டது. அரபு இனமல்லாத, உடல் பருத்த குதிரைக்கு அப்பெயர். அமீருல் முஃமினீன் அவர்கள் ஏறியதும் அது மிடுக்காக அசைந்து அசைந்து நடக்கத் தொடங்கியது. அடித்தார்கள், அதன் ஒயில் நடை கூடியதே தவிர குறையவில்லை. இறங்கிவிட்டார்கள். என்னை நீங்கள் ஷைத்தான் மீதல்லவா ஏற்றிவிட்டீர்கள் என்று கடிந்து கொண்டு, என் உள்ளமே எனக்கு அந்நியமாகத் தெரியும் வரை நான் இறங்கவில்லையே என்று வருந்தினார்கள். அவர்களின் பணியாளர் அஸ்லம் (ரஹ்) வழியாக வரும் இச்செய்தியின் அறிவிப்புத் தொடர் ஆதாரப்பூர்வமானது என்று இப்னு கஸீர் (ரஹ்) தமது தஃப்ஸீரின் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார்கள்.

கிஸ்ராவின் கருவூலமும் கைஸரின் நகரங்களும் எவருடைய காலடியில் வந்து விழுந்தனவோ, அவர் ஒரு குதிரையின் முதுகில் தம் உள்ளம் மாறுவதைக் கண்டுகொண்டார். நாம் புதிய வாகனம் வாங்கிய அன்று வீதியில் எப்படிப் போனோம் என்பதை நமக்கு நாமே நினைத்துப் பார்த்துக் கொள்ளலாம்.

கைலும் கைரும்

இதுவரை சொன்னதை வைத்துக் குதிரையே ஆகாதது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இந்தச் சொல்லுக்கு மற்றோர் அண்டை வீடும் உண்டு. அது 'கைர்', அதாவது நன்மை.

ஸாத் அத்தியாயத்தில் சுலைமான் (அலை) அவர்களின் முன்னால் மாலைப் பொழுதில் உயர்சாதிக் குதிரைகள் கொண்டு வரப்பட்ட வரலாறு வருகிறது. அங்கே 32-ஆவது வசனத்தில் அவர்கள் அக்குதிரைகளின் மீதான விருப்பத்தைக் குறிப்பிடும்போது வந்துள்ள சொல் கைல் அன்று, கைர்! இவ்விடத்தில் கைர் என்பதற்குக் குதிரைகள் என்றே விரிவுரையாளர் பலரும் பொருள் தருகிறார்கள். அரபு மக்கள் ராவையும் லாமையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக ஒலிப்பதுண்டு என்று மொழியறிஞர்கள் அதற்கு விளக்கமும் கூறியுள்ளார்கள். ஆக, நன்மை என்ற சொல்லே குதிரைக்கு ஒரு பழம்பெயராக நின்றிருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் இவ்விரு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் இணைத்து, குதிரைகளின் நெற்றி முடியில் மறுமை நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்ற கருத்துப்பட அருளினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இந்த ஹதீஸை அரபியில் ஓதிப் பார்ப்பவருக்குக் கைலும் கைரும் அடுத்தடுத்து ஒலிக்கும் இனிமை புரியும். இதனைச் சொல்லும்போது அவர்கள் ஒரு குதிரையின் நெற்றி முடியைத் தமது விரலால் சுருட்டிக் கொண்டிருந்ததை ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரழி) கண்டார்கள். தமது மேலாடையால் அவர்கள் குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்டதாக முவத்தாவில் ஒரு செய்தி உண்டு. வேலையாளிடம் விட்டுவிடவில்லை.

மற்றொரு ஹதீஸிலோ, பெருமையும் குயலாவும் குதிரைகளையும் ஒட்டகங்களையும் உடையோரிடம் இருப்பதாகவும், அமைதி ஆட்டுக்காரர்களிடம் இருப்பதாகவும் வந்துள்ளது. இதுவும் புகாரியில் உள்ளதே. அங்கே கைலும் குயலாவும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன.

ஆக, கைல் என்ற சொல் கைருக்கும் குயலாவுக்கும் நடுவில் நிற்கிறது. எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிப்பது எது? அபூஹுரைரா (ரழி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் இதற்கு விடை தருகிறது. குதிரை மூன்று வகையினருக்கு உரியது என்று நபி (ஸல்) அவர்கள் பிரித்தார்கள்.

ஒருவர் அல்லாஹ்வின் பாதையில் அதைக் கட்டி வைக்கிறார். மேய்ச்சல் நிலத்தில் கயிற்றை நீளமாக விட்டுக் கட்டுகிறார். அந்தக் கயிற்றின் அளவுக்கு அது மேய்ந்ததெல்லாம் அவருக்கு நன்மை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு மேடு, இரண்டு மேடு துள்ளி ஓடினால் அதன் காலடித் தடங்களும் சாணமும்கூட நன்மை. ஆற்றைக் கடக்கும்போது, உரிமையாளர் நீர் காட்ட எண்ணாத நிலையில் அது தானாகக் குடித்தாலும் நன்மை. சுப்ஹானல்லாஹ்! எண்ணம் ஒன்று சரியாக இருந்ததற்காக, எண்ணாததற்கும் கூலி எழுதப்படுகிறது.

இரண்டாமவர் பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதற்காகக் குதிரை வளர்க்கிறார். அதன் விஷயத்தில் அல்லாஹ்வுக்குரிய உரிமையை மறப்பதில்லை. அவருக்கு அது ஒரு திரை. இந்த இரண்டாமவரைப் பற்றிப் பயான்களில் நாம் அதிகம் பேசுவதில்லை. முதலாமவரைச் சொல்லிவிட்டு நேராக மூன்றாமவருக்குத் தாவிவிடுகிறோம். என் சிறு வயதில் எங்கள் ஊர் ரயிலடியில் ஜட்கா வண்டிகள் நிற்கும். அவற்றை ஓட்டியவர்களில் நம் சமுதாயத்தார் பலர் இருந்தனர். அவர்களில் ஒரு பெரியவர், குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வைத்து, அது தின்னத் தொடங்கிய பிறகே தம் தூக்குச்சட்டியைத் திறப்பார். மக்ரிப் பாங்கு கேட்டதும் சவாரியைக்கூட விட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவார். திரை என்ற சொல்லின் பொருளை ஹதீஸ் நூலின் ஓரக் குறிப்பைவிட அவரிடம்தான் நான் முதலில் கண்டேன் என்று பிற்காலத்தில் ஓதும்போது தோன்றியது.

மூன்றாமவர் பெருமைக்காகவும், பிறர் பார்ப்பதற்காகவும், முஸ்லிம்களுக்குப் பகையாகவும் குதிரை வைத்திருப்பவர். அவருக்கு அது பாவச்சுமை. மூவரின் குதிரைக்கும் நான்கு கால்கள்தாம், தீவனமும் ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகாஹ் மஜ்லிஸுக்குச் சென்றிருந்தேன். மணமகன் வாடகைக் குதிரை மீது, மேளதாளத்தோடு வந்தார். மணமகளின் தந்தை அந்த ஊர்வலத்துக்காகவும் கடன் வாங்கியிருந்தார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அந்தக் குதிரையோ வெடிச் சத்தத்தில் நடுங்கி வியர்த்து நின்றது. மூன்றாமவரின் வகைக்கு வேறு உதாரணத்தை நான் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அன்று அங்கே வாய் திறக்காமல் குத்பா ஓதிவிட்டு வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடல் என்று பெயர் பெற்ற குதிரை

மதீனாவில் ஓர் இரவு பெரும் ஓசை கேட்டு மக்கள் அஞ்சினார்கள். ஓசை வந்த திசை நோக்கிச் சிலர் புறப்பட்டுச் சென்றபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு முன்பே தனியாகச் சென்று பார்த்துவிட்டு எதிரே திரும்பி வந்து கொண்டிருந்தார்கள். அபூ தல்ஹா (ரழி) அவர்களின் 'மன்தூப்' என்ற குதிரை, சேணம்கூடப் பூட்டவில்லை, கழுத்தில் வாள் தொங்கியது. அஞ்ச வேண்டாம் என்று மக்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள், அக்குதிரையைக் கடலாகக் கண்டோம் என்று பாராட்டினார்கள். அதுவரை அது மந்தமான குதிரை என்று பெயரெடுத்திருந்தது. அதன் பின் அதனை எந்தக் குதிரையும் முந்தியதில்லை என்று அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். ஓட ஓட வற்றாத குதிரைக்குப் 'பஹ்ர்', அதாவது கடல் என்று அரபியில் வழங்கும் பெயருக்கு மொழியறிஞர்கள் இந்த ஹதீஸைத்தான் எடுத்துக்காட்டாகத் தருவார்கள்.

எல்லோரும் உறங்கும் நேரத்தில் ஆபத்தை நோக்கித் தனியாகச் செல்பவரின் அடியில் இருந்த குதிரை அது. பார்க்க ஒருவரும் இல்லை. குயலாவுக்கு அங்கே இடமேது?

குயலாவிலும் அல்லாஹ் நேசிப்பது ஒன்று உண்டு, வெறுப்பது ஒன்று உண்டு என்று அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. போர்க்களத்தில் எதிரியின் முன் நிமிர்ந்து நிற்பதும், தர்மம் கொடுக்கும்போது கொள்ளும் மிடுக்கும் முதல் வகை. தர்மத்தில் மிடுக்கா என்று திகைக்க வேண்டாம்; கை நடுங்காமல், கொடுப்பதைப் பெரிதாக எண்ணாமல் தாராளமாகக் கொடுப்பதே அது என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள்.

பத்ர் களத்துக்கு ஹிஜ்ரி 2-இல் முஸ்லிம்கள் சென்றபோது அவர்களிடம் இருந்தவை இரண்டே குதிரைகள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவற்றில் மிக்தாத் (ரழி) அவர்களின் குதிரை புகழ்பெற்றது. ஏழே ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 9-இல் தபூக் சென்ற படையில் பத்தாயிரம் குதிரைகள் இருந்ததாக இப்னு ஸஅத் (ரஹ்) கணக்குத் தருகிறார்கள். செல்வம் இவ்வளவு வேகமாகப் பெருகும் சமுதாயத்தில்தான் கைல் என்ற சொல்லின் மற்றொரு சோதனை எழுந்தது. அது இனத்தைப் பற்றியது.

எது உண்மையான கைல்?

தாயும் தந்தையும் அரபு இனமாயின் அக்குதிரை 'அதீக்'. தந்தை மட்டும் அரபாயின் 'ஹஜீன்'. தாய் மட்டும் அரபாயின் 'முக்ரிஃப்'. இரண்டும் அல்லாதது 'பிர்தவ்ன்'. போரில் கிடைத்த பொருளைப் பங்கிடும்போது குதிரைக்கென்று தனிப் பங்கு உண்டு. குதிரைக்கு இரண்டு, வீரருக்கு ஒன்று என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. குதிரைக்கு ஒரு பங்குதான் என்பது இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு; ஒரு விலங்கை ஒரு முஸ்லிமைவிட மேலாக்க மாட்டேன் என்று அதற்கு அவர்கள் காரணம் சொன்னதாகவும் வந்துள்ளது. இருக்கட்டும். இனக்கலப்புள்ள குதிரைக்கும் பிர்தவ்னுக்கும் அதீக் குதிரையின் பங்கைக் கொடுப்பதா, குறைப்பதா என்று கேள்வி வந்தது. குறைத்துக் கொடுத்தவர்களும் உண்டு.

ஹிஜ்ரி 179-இல் மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் இதற்குத் தீர்வு எழுதும்போது, வம்சாவளியை எடுக்கவில்லை. ஒரு சொல்லை எடுத்தார்கள். நஹ்ல் 8-ஆவது வசனத்தில் அல்லாஹ் கைல், கோவேறு கழுதை, கழுதை என்று மூன்றாகத்தான் பிரித்தான். பிர்தவ்னும் ஹஜீனும் இம்மூன்றில் கைல் அல்லாமல் வேறு எதில் சேரும்? ஆகவே அவையும் கைல்தாம் என்பது அவர்களின் வாதம். மதீனாவின் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களிடம் பிர்தவ்ன்களுக்கு ஸகாத் உண்டா என்று ஒருவர் கேட்டபோது, கைலுக்கு ஸகாத் உண்டா என்றுதான் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இரண்டும் ஒன்றே என்பது அக்கேள்வியிலேயே அடங்கிவிட்டது. பெருமையின் பெயரால் அழைக்கப்படும் பிராணிகளுக்குள் பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்க, இறைவேதத்தின் அந்தச் சொல் இடம் கொடுக்கவில்லை.

இவ்விடத்தில் நம் தமிழகத்தின் செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அரபுக் குதிரைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டின் காயல் துறைக்கு ஹுர்முஸ், கைஸ், ஏடன் பகுதிகளிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். ஈரானிய வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள், ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் என்று கணக்கே தருகிறார். அவ்வணிகத்தை நடத்திய ஜமாலுத்தீனின் சகோதரர் தகிய்யுத்தீன் பாண்டியரிடம் அமைச்சராகவே இருந்தார். வந்த குதிரைகளைப் பேணும் முறை இங்கே தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை விரைவில் மடிந்தன என்று போலோ வருந்துகிறார்.

அக்காலத்துத் தமிழில் குதிரை வீரனுக்கு 'இராவுத்தர்' என்று பெயர். மரக்கலம் ஓட்டியவரோடு 'மரைக்காயர்' என்ற பெயரைத் தொடர்புபடுத்துவார்கள். ஒன்று குதிரையேறிய தொழில், மற்றொன்று கடலோடிய தொழில். குதிரையும் போயிற்று, மரக்கலமும் போயிற்று, பெயர்கள் நின்றன. அவை நிற்பதில் குறையில்லை, அது வரலாறு. ஆனால் மார்க்கமும் ஒழுக்கமும் நிறைந்த ஒரு பையனுக்குப் பெண் கேட்டுச் சென்றால், 'அவர்கள் வேறு வகை' என்று கதவைச் சாத்தும் வீடுகளை நான் இமாமத் பணியாற்றிய எல்லா மஹல்லாக்களிலும் பார்த்திருக்கிறேன். குஃப்வு பற்றிய ஃபிக்ஹுச் சட்டங்கள் தனி. அவற்றை நான் மறுக்கவில்லை. கதவைச் சாத்துபவர்கள் அந்தச் சட்டங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சாத்துவதில்லை என்பதுதான் என் வருத்தம். குதிரையிலேயே இமாம் மாலிக் (ரஹ்) பார்க்க மறுத்ததை நாம் மனிதரில் பார்க்கிறோம்.

அஸ்மயீ வென்ற குதிரை

அறிவுடையோருக்கும் இச்சொல்லின் சோதனை உண்டு என்பதற்கு இப்னு கல்லிகான் (ரஹ்) பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி. பஸராச் சிறுவனின் பதிலை நமக்குக் கொண்டு வந்து சேர்த்த அதே அஸ்மயீயும், அவருடைய போட்டியாளரான அபூ உபைதாவும் குதிரையைப் பற்றித் தனித்தனியே நூல் எழுதியவர்கள். ஹாரூன் ரஷீதின் அமைச்சர் ஃபள்ல் இப்னு ரபீஃ இருவரிடமும், குதிரை பற்றிய உங்கள் நூல் எத்தனை தொகுதி என்று கேட்டார். அஸ்மயீ ஒன்று என்றார். அபூ உபைதா ஐம்பது என்றார். அமைச்சர் ஒரு குதிரையை வரவழைத்து, அதன் உறுப்புகளைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லுங்கள் என்றார். தாம் கால்நடை மருத்துவர் அல்லர், அரபு மக்களிடம் கேட்டு எழுதியவர் மட்டுமே என்று அபூ உபைதா விலகிக் கொண்டார். அஸ்மயீ எழுந்து நெற்றி முடியைப் பிடித்து, குளம்பு வரை ஒவ்வோர் உறுப்பாகக் கை வைத்துப் பெயரையும், அதற்குச் சான்றான கவிதையையும் சொல்லி முடித்தார். குதிரை அவருக்கே பரிசாயிற்று.

அதன் பிறகு அபூ உபைதாவுக்கு எரிச்சலூட்ட வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் அந்தக் குதிரையின் மீது ஏறிக் கொண்டு அவரைப் பார்க்கப் போவாராம்! அஸ்மயீ மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சற்று அச்சமும் வருகிறது. இக்தியால் என்ற விடை கிடைத்த அன்று அந்த அவையில் இருந்தவரும் அவர்தானே!

நஹ்ல் வசனம் குதிரை, கோவேறு கழுதை, கழுதை என்ற மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மூன்றிலும் ஏறினார்கள். ஸக்ப், முர்தஜிஸ், லுஹைஃப் என்று பெயர் சொல்லி அழைக்கப்பட்ட குதிரைகள் அவர்களிடம் இருந்தன. 'உஃபைர்' என்ற கழுதையின் மீது முஆத் (ரழி) அவர்களைத் தமக்குப் பின்னால் ஏற்றிக் கொண்டு, அடியார்கள் மீது அல்லாஹ்வுக்குள்ள உரிமை என்ன என்று கற்றுக் கொடுத்தார்கள். ஹிஜ்ரி 8-இல் ஹுனைன் களத்தில் அம்புகள் பொழிந்து, படை சிதறி, பலரும் பின்வாங்கிய அந்த நேரத்தில், குதிரை வீரர்களை எதிர்கொண்டு முன்னேறியபோது அவர்கள் அமர்ந்திருந்தது ஒரு வெள்ளைக் கோவேறு கழுதையின் மீது. அதன் கடிவாளத்தை அபூ ஸுஃப்யான் இப்னுல் ஹாரிஸ் (ரழி) பிடித்திருந்தார்கள் என்று பராஉ இப்னு ஆஸிப் (ரழி) நேரில் கண்டு அறிவிக்கிறார்கள்.

அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்தபோது விட்டுச் சென்றவற்றை அம்ர் இப்னுல் ஹாரிஸ் (ரழி) எண்ணிச் சொன்னார்கள்; புகாரியில் உள்ளது. திர்ஹம் இல்லை, தீனார் இல்லை, அடிமை ஆணோ பெண்ணோ இல்லை. ஏறிச் செல்லும் வெள்ளைக் கோவேறு கழுதை, ஆயுதம், தர்மமாக்கிவிட்ட ஒரு நிலம். அந்தப் பட்டியலில் கைல் இல்லை.